அழித்த பதிவு திரும்பி வந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

இரவல்பேனா

நேர்காணல் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முடியும் நேரத்தில், நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா கோப்பிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். என் வலைப்பூப் பதிவு. 2009ல் எழுதியது, அப்போதைய மேலாளரைப் பற்றி. பெயர் போடவில்லை, ஆனால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். "தலைக்கனம் பிடித்த எருமை" என்ற மூன்று சொற்களின் மேல் மட்டும் மஞ்சள் மை.

அந்தப் பதிவை 2015லேயே அழித்துவிட்டேன். வலைப்பூவையே மூடிவிட்டேன். இது எங்கிருந்து வந்தது என்று விழித்தபோதுதான் தாளின் அடியைப் பார்த்தேன். அச்சடிக்கும்போது பிரவுசர் தானாகப் போடுமே, அந்த முகவரி வரி. அதில் 2009 என்று தொடங்கும் 14 இலக்க எண். வேபேக் மெஷின், இணையப் பக்கங்களை அவ்வப்போது படியெடுத்துச் சேர்த்து வைக்கும் தளம். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி எல்லாம் சேர்ந்த எண் அது. நான் எருமை என்று சொன்னதற்கு நொடிக் கணக்கில் சாட்சி.

"இது நீங்கள் எழுதியதா?" என்றார். "ஆமாம்" என்றேன். தலையாட்டிவிட்டுக் கோப்பை மூடிவிட்டார். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

முன்னாள்அனானி

எனக்கு வந்தது தாள் இல்லை, மின்னஞ்சல்.

ஒருவர் சொந்தக் காசில் போட்ட முதல் கவிதைத் தொகுப்பை ஒரு காலத்தில் கிழித்துத் தோரணம் கட்டினேன். 140 பின்னூட்டம், ஒரே கும்மி. "அம்மாவின் கடலில் உப்பு" என்ற வரியை வைத்துத்தான் பாதிப் பதிவு. அம்மாவுக்கு ஏதடா கடல், கப்பல் எங்கே, துறைமுகம் எங்கே என்று ஓட்டியிருந்தேன்.

ஆறு வருடம் கழித்து அவரிடமிருந்து மின்னஞ்சல். என் பெயரைத் தேடினால் முதலில் உங்கள் பதிவுதான் வருகிறது, இருக்கட்டும், அழிக்க வேண்டாம், ஒரே ஒரு எழுத்தை மட்டும் திருத்தினால் போதும் என்று எழுதியிருந்தார். புத்தகத்தில் இருந்தது "உடலில் உப்பு". தட்டச்சுப் பிழை என்னுடையது. என் பிழையைப் பிடித்து நானே சிரித்து, 140 பேரையும் சிரிக்க வைத்திருக்கிறேன்.

திருத்தினேன். திருத்திய பிறகு பதிவில் என் நக்கலுக்கு அர்த்தமே இல்லை. கீழே பின்னூட்டங்கள் மட்டும் இல்லாத கடலைப் பார்த்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கின்றன.

வழக்காடி

இரவல்பேனா, நீங்கள் செய்த தப்பு எழுதியது இல்லை, அழித்தது. நானும் ஒரு முறை அழித்து மாட்டியவன்தான், அந்தக் கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2003ல் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் தன் கடற்கரை வீடு தெரியும் படத்தை நீக்கச் சொல்லி 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கடலரிப்பைப் பதிவு செய்ய கலிஃபோர்னியக் கரை முழுக்க எடுத்த 12,000 படங்களில் அது ஒன்று. வழக்குக்கு முன் அதைத் தரவிறக்கியது மொத்தம் 6 முறை, அதிலும் 2 அவருடைய வழக்கறிஞர்களே. வழக்கு வெளியே தெரிந்ததும் ஒரே மாதத்தில் 4 லட்சத்துக்கும் மேல் பார்வை. வழக்கும் தோற்றது.

ஐரோப்பாவில் "மறக்கப்படும் உரிமை" இருக்கிறதே என்று யாராவது வருவீர்கள். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அதைப் பற்றிச் சொன்ன 2014 தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். ஒருவரின் பழைய கடன் விவகாரம் 1998 செய்தித்தாளில் வந்திருந்தது. அவர் பெயரைக் கூகுளில் தேடும்போது அந்த இணைப்பு வரக்கூடாது என்பதுதான் தீர்ப்பு. செய்தித்தாளின் பக்கத்தைத் தொடவே இல்லை. தேடலில் மறைவது வேறு, அழிவது வேறு.

ஆகவே பழைய பதிவை விட்டுவையுங்கள். மேலே தேதி போட்டு, இப்போது இப்படி நினைக்கவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். மாதம் ஒரு முறை உங்கள் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, லாகின் செய்யாத ஜன்னலில் தேடுங்கள். பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும். அப்புறம், வேபேக் மெஷினுக்கே மின்னஞ்சல் போட்டு உங்கள் தளத்தை எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். முடிவு அவர்கள் கையில்.

அவன்_நானில்லை

என் பெயரிலேயே, அதே இனிஷியலோடு ஒருவர் ஊர் வம்பையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "உங்களால் என் பெயர் கெடுகிறது" என்று அவருக்கு எழுதினேன். பத்தே நிமிடத்தில் பதில்: "அட, இதையேதான் உங்களுக்கு எழுதலாம் என்று இருந்தேன்." கூடவே நான் எங்கெங்கோ போட்ட கமெண்ட்டுகளின் ஸ்கிரீன்ஷாட் 11.

நிழல்மரம்

அழியவில்லை என்று எல்லாரும் புலம்புகிறீர்கள். என் தோழி ஒரு இலவசத் தளத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடத்தில் அந்தத் தளத்தையே மூடிவிட்டார்கள். அவளும் இல்லை, காப்பு எடுத்தவர்களும் இல்லை. வேபேக் மெஷினில் முகப்புப் பக்கம் மட்டும் அகப்பட்டது. பத்துப் பதிவுகள், ஒவ்வொன்றிலும் முதல் நான்கு வரி, அப்புறம் "மேலும் வாசிக்க". பத்தையும் அழுத்திப் பார்த்தேன். எதுவும் திறக்கவில்லை. ஏழாவது இப்படி நிற்கிறது: "அன்றைக்கு அவள் என்னிடம் சொன்னதை இதுவரை யாருக்கும்"

அந்த "அவள்" நானா என்று தெரியவில்லை.

கோணல்கோடு

முன்னாள்அனானி, எழுத்தைத் திருத்தினீர்கள் சரி, மன்னிப்புக் கேட்டீர்களா? பிழையே இல்லாமல் "உடல்" என்றே அடித்திருந்தால் அந்த நக்கல் நியாயம் ஆகியிருக்குமா?

முன்னாள்அனானி

ஆகாது. வேறு வரியைப் பிடித்திருப்பேன், அப்போது என் புத்தி அப்படி. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "எழுத்து மாறிவிட்டது, பார்த்தேன், நன்றி" என்று மட்டும் பதில் வந்தது.

இரவல்பேனா

வழக்காடி சார், நான் யோசனை கேட்கவில்லை, அனுபவம்தான் கேட்டேன். பார்பரா அம்மாவுக்கு வீடாவது மிஞ்சியது. நிழல்மரம், உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வேலை கிடைத்ததா என்று மூன்று பேர் தனிமடலில் கேட்டுவிட்டீர்கள். கிடைத்தது. அந்த அம்மாவின் கீழ்தான் நாலு வருடமாக வேலை பார்க்கிறேன், நல்லவர். அந்தப் பேச்சை அவரும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. தாள்களை மட்டும் திருப்பித் தரவில்லை. என் கோப்பில்தான் இருக்க வேண்டும்.

கோணல்கோடு

வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிரித்திருப்பார்.