புதிய வாசகருக்கு வெப்காமிக்ஸ்: எந்தப் பக்கத்தைக் கொடுத்தீர்கள், என்ன நடந்தது?

மதுரை உறுப்பினர்:

இணையத்தில் வெளியாகும் சித்திரக்கதைகளான வெப்காமிக்ஸை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். தொடரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். படிக்கத் தொடங்க வேண்டிய பக்கத்தின் இணைப்பையே அனுப்புங்கள். வெப்காமிக்ஸ் தளங்கள் பெரும்பாலும் தொடர்ந்து வரும் பழைய வாசகருக்காக அமைந்தவை என்பதால், முகப்பைத் திறந்தவுடன் கடைசியாக வெளியான பக்கமே கண்ணில் படும். புதிதாக வருபவர் கதையின் நடுவில் போய் விழுந்து, ஒன்றும் புரியாமல் மூடிவிடுவார்.

என் சித்தப்பா முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் படித்து வளர்ந்தவர். இரும்புக்கை மாயாவியின் பழைய இதழ்களை இன்றும் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருப்பவர். அப்படிப்பட்டவர் இணையத்தில் சித்திரக்கதை படிப்பது தனக்கு ஒத்துவராது என்று பல காலம் சொல்லிவந்தார். காரணத்தைக் கேட்டபோது, "யாரோ அனுப்புனாங்கப்பா. திறந்தா சண்டை நடந்துக்கிட்டிருக்கு. யாரு யாரை அடிக்கிறாங்கன்னே தெரியலை" என்றார்.

அவருக்காக நான் தேர்ந்தெடுத்தது மின்னா சன்ட்பெர்க் எழுதி வரைந்த 'ஸ்டாண்ட் ஸ்டில், ஸ்டே சைலன்ட்'. 2013-இல் தொடங்கிய அத்தொடர் 2022-இல் நிறைவடைந்துவிட்டது. அடுத்த இதழ் எப்போது வருமோ என்று கடைக்கு நடையாய் நடந்த தலைமுறைக்கு, முழுக்கதையும் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய நிம்மதி. கொள்ளைநோய் ஒன்றில் உலகம் அழிந்து 90 ஆண்டுகள் சென்றபின், வட ஐரோப்பிய நாடுகளில் எஞ்சியவர்களிலிருந்து ஒரு சிறு குழு, மனிதர் வாழாத நிலப்பகுதிக்குள் பழைய புத்தகங்களைத் தேடிச் செல்வதுதான் கதை. முதல் பக்கத்தின் இணைப்போடு ஒரு குறிப்பையும் எழுதியனுப்பினேன்: "சித்தப்பா, முன்கதையில் வருபவர்களின் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சிரமப்பட வேண்டாம். அவர்கள் பின்னால் வரப்போகிறவர்களின் முன்னோர்கள்." அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், நாட்டுக்கு நாடு மாறும் அந்த முன்கதையிலேயே அவர் களைத்துப்போயிருப்பார் என்பது என் உறுதியான எண்ணம்.

அவரைக் கட்டிப்போட்டது நான் எதிர்பார்த்த சாகசமல்ல. அக்குழுவில் ஆளுக்கொரு மொழி. யார் எந்த மொழியில் பேசுகிறார் என்பதைப் பேச்சுக் குமிழில் உள்ள சிறு கொடி காட்டிவிடும். பின்லாந்துக்காரனான லல்லிக்குத் தாய்மொழியைத் தவிர வேறெதுவும் தெரியாது. உடன் வரும் ஒன்றுவிட்ட சகோதரி தூரிதான் அவனுக்கு மொழிபெயர்க்கிறாள். ஸ்வீடன்காரன் எமிலுக்கும் அவனுக்கும் ஒரு வார்த்தைகூடப் பொதுவாக இல்லாத நிலையிலேயே நட்பு முளைக்கிறது. தெலுங்கும் இந்தியும் மராத்தியும் கலந்து ஒலித்த ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் சித்தப்பா, இரவு பத்து மணிக்கு என்னை அழைத்து, "அந்தப் பையன் ஸ்வீடிஷ் பேசக் கத்துக்குவானாப்பா?" என்று கேட்டார். அதற்கு நான் விடை சொல்லவில்லை. படித்தே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாம் சிடெல் 2005-இல் தொடங்கிய 'கன்னர்க்ரிக் கோர்ட்' தொடருக்கும் ஒரு முன்னறிவிப்பு தேவை. ஆரம்பப் பக்கங்களின் ஓவியத்துக்கும் பிற்காலத்து ஓவியத்துக்கும் உள்ள தூரம் மிக அதிகம். அதற்காக நடுவிலிருந்து தொடங்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தனக்கு இரண்டாவது நிழல் இருப்பதைக் கண்டுகொள்ளும் மாணவி, அந்த நிழலைப் பாலத்துக்கு அப்பால் கொண்டுசேர்க்க ஓர் இயந்திர மனிதனைச் செய்யும் முதல் அத்தியாயம் தனிக்கதையாகவே நிறைவு தருவது. அந்த நிழலும் இயந்திர மனிதனும் பின்னாலும் வருவார்கள்.

திருச்சி உறுப்பினர்:

மேலே சொன்னது தொடர்கதைகளுக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் ராண்டல் மன்ரோ வரையும், தொடர்கதையாக இல்லாத 'எக்ஸ்கேசிடி' (xkcd) என்ற வெப்காமிக்ஸை முதல் எண்ணிலிருந்து படிக்கச் சொல்வது வீண்வேலை. 2005-இல் வந்த தொடக்கப் படங்கள் பல அவருடைய நோட்டுப்புத்தகக் கிறுக்கல்கள். ஒவ்வொரு படமும் தனித்து நிற்பது என்பதால், வாசகரைப் பார்த்துத்தான் படத்தை எடுக்க வேண்டும். நான் இயற்பியல் கற்பிக்கிறேன். என் மாணவிக்கு 2016-இல் வெளிவந்த பூமி வெப்பநிலைக் காலவரிசையைக் காட்டினேன். பனியுகத்திலிருந்து இறங்கிவரும் அந்த நீண்ட படத்தில், ஒரு கோடு பல்லாயிரம் ஆண்டுகள் இப்படியும் அப்படியும் மெல்ல நெளிந்து, கடைசி நூற்றாண்டில் சட்டென்று வலப்பக்கம் பாய்கிறது. விரலால் தள்ளித் தள்ளிக் கீழே வந்தவள், அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மீண்டும் மேலே போய்ப் பார்த்தாள். வரைபடத்தை ஒரு தாளில் சுருக்கிக் காட்டியிருந்தால் அந்தக் கால நீளம் அவளுக்கு உறைத்திருக்காது.

கைபேசியில் படிப்பவருக்கு இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். கணினியில் படத்தின்மேல் சுட்டியை வைத்தால் மட்டும் தோன்றும் ஒரு வரி ஒவ்வொரு படத்துக்கும் உண்டு. கைபேசிக்கான பதிப்பில் அதைத் தனியாகத் தொட்டுத் திறக்க வேண்டும். பல படங்களின் உயிரே அந்த வரியில்தான் இருக்கிறது. வணிக நோக்கமின்றி, ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டுப் பகிர்ந்துகொள்ள அவர் உரிமம் தந்திருப்பதால், அச்செடுத்து ஆய்வகச் சுவரிலும் ஒட்டியிருக்கிறேன்.

கோவை உறுப்பினர்:

என் அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள்; கைபேசியை விட்டு வேறெதிலும் படிக்கமாட்டாள். தென் கொரியாவில் வளர்ந்த வெப்டூன் வடிவம் அவளுக்கென்றே அமைந்ததுபோல் இருந்தது. பக்கம் புரட்டுவதற்குப் பதிலாக மேலிருந்து கீழாக உருட்டிக்கொண்டே போக, கட்டங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடமே காலத்தின் நீளத்தை உணர்த்திவிடும். 2018 முதல் 2024 வரை வந்த, கிரேக்கப் புராணக் கடவுளரின் காதல்கதையான ரேச்சல் ஸ்மைத்தின் 'லோர் ஒலிம்பஸ்' தொடரைக் கொடுத்தேன். பெர்செஃபனி இளஞ்சிவப்பு, ஹேடீஸ் நீலம் என்று பாத்திரத்துக்கொரு நிறம் இருப்பதால், கிரேக்கப் புராணம் அறியாதவருக்கும் ஆட்களைப் பிரித்தறிவதில் குழப்பமில்லை. ஆனால் கதையில் பாலியல் வன்முறை இடம்பெறுகிறது. அதை முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தேன். அவளுடைய தங்கை ஒன்பதாம் வகுப்பு; "சித்தி, எனக்கும் அனுப்புங்க" என்று கேட்கிறாள். அவளுக்கு இதை அனுப்ப மாட்டேன். அந்த வயதுக்கு ஏற்ற, நிறைவடைந்த, உருட்டிப் படிக்கும் தொடர் எதையேனும் அறிந்தவர்கள், எந்த அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.