மிஸ்ஸிடம் பேசப் போய் சொதப்பிய கதை உங்களிடமும் இருக்கிறதா?

மாடிவீட்டு மல்லி:

ஒரு மாதமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். பையன் நாலாம் வகுப்பு, கோவையில் ஒரு மெட்ரிக் பள்ளி. கணக்குப் பேப்பர் வீட்டுக்கு வந்தது. கூட்டிப் பார்த்தால் 41 வருகிறது, மேலே 39 போட்டிருக்கிறார்கள். ராத்திரி பத்தேமுக்கால் மணி. பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு போட்டோ எடுத்து, கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பிலேயே போட்டுவிட்டேன், "மிஸ், டோட்டல் தப்பா இருக்கு, கொஞ்சம் பாருங்க" என்று. தனியாக அனுப்பலாமே என்று தோன்றவே இல்லை, சத்தியமாக. அஞ்சு நிமிஷத்தில் இன்னொரு அம்மா தன் பெண்ணுடைய பேப்பரைப் போட்டார், அப்புறம் இன்னொருவர், பன்னிரண்டு மணிக்குள் ஏழு பேப்பர். ஒரு அப்பா "இதுக்குத்தான் இவ்வளவு ஃபீஸா" என்று எழுதி சிரிப்புப் பொம்மை வேறு போட்டார். மெசேஜ் இன்ஃபோவில் பார்த்தால் மிஸ் 11.20க்கே படித்திருந்தார். பதில் இல்லை.

காலையில் கேட்டில் பையனை விடும்போது அவரே வந்தார். "பேப்பர் குடுங்க மேடம்." வாங்கி, காம்பவுண்டு சுவரில் வைத்து, சிவப்புப் பேனாவால் 39ஐ அடித்து 41 எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். சுவர் சொரசொரப்பு, அந்த ஒன்று கோணலாக விழுந்தது. என் முகத்தைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. இருபத்து மூணு, இருபத்து நாலு வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

இப்போது பையன் சொல்கிறான், "மிஸ் இப்பல்லாம் என்னைக் கேள்வியே கேக்கிறதில்லைம்மா." நிஜமா, அவனாக நினைத்துக்கொள்கிறானா, தெரியவில்லை. போய்க் கேட்கவும் பயமாக இருக்கிறது.

பெட்டிக்கடை ராசா:

மார்க் எல்லாம் எனக்குப் பிரச்சினையே இல்லை. எனக்கு நாற்காலி.

மகள் எட்டாவது, எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளி. கழிவறையில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை. பொம்பளப் பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்திருக்கின்றன என்று மகள் சொல்லித்தான் தெரியும். ஹெச்.எம்.மைப் பார்க்கப் போனேன். இதற்கு முன்கதை ஒன்று உண்டு. என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்றைக்கு எங்கப்பா செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முழுசாக இருபது நிமிஷம் நின்றார். ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். என் பிள்ளைக்காக நான் போகும்போது உட்கார்ந்துதான் பேசுவேன் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

போனேன். "வணக்கம் சார்" என்றேன். உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பேனா மூடியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், கழற்றுகிறார், பிறகு நிமிர்ந்து ஒரு பார்வை. அவ்வளவுதான், என் கால் தானாக எழுந்துவிட்டது. நின்றுகொண்டேதான் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், அதில் குறை சொல்ல முடியாது, ஒரு வாரத்தில் மோட்டாரையும் சரி பண்ணிவிட்டார்கள். தண்ணீர் வருகிறது. நான் எழுந்ததுதான் இன்னும் தூங்க விடமாட்டேன் என்கிறது.

சாக்பீஸ்தூள்:

மல்லி, நான் அந்த மிஸ் இல்லை. ஆனால் நானும் ஒரு மிஸ்தான், உதவி பெறும் பள்ளியில் பதினோரு வருஷம். 38 பேப்பர், அதுவும் என் வகுப்புக்கு மட்டும். ராத்திரி குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, சமையல் மேடையில் வைத்துத் திருத்துகிறோம். கூட்டல் தப்பும். தப்பினால் சொல்ல வேண்டியதுதான், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏழு பேர் பந்தியில் உட்கார்ந்து இலையில் முடி கிடக்கிறது என்று கத்துகிற மாதிரி சொல்வானேன்?

என் கதை: மூணாவது பீரியட், பாடம் நடந்துகொண்டிருக்கிறது, ஒரு அம்மா நேராக வகுப்புக்குள் வந்துவிட்டார். "எம்பொண்ண எதுக்கு கடைசி பெஞ்சுல உக்கார வெச்ச?" வெச்ச என்றுதான், வெச்சீங்க இல்லை. அந்தப் பெண் உயரம், அதனால் பின்னால் உட்கார வைத்தேன், அவ்வளவுதான் காரணம். நான் பதில் சொல்லத் திணறிக்கொண்டிருக்கும்போது பார்க்கிறேன், அந்தக் குழந்தை பெஞ்சுக்கு அடியில் குனிந்து, விழாத பென்சிலைத் தேடிக்கொண்டிருக்கிறது. அம்மா போகிற வரை நிமிரவே இல்லை.

அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன். ஏதாவது இருந்தால் டைரியில் ஒரு வரி எழுதுங்கள், "நாளைக்கு நாலு மணிக்கு மேல் அஞ்சு நிமிஷம் பேச முடியுமா" என்று. வந்ததும் "ஏன் இப்படிப் பண்ணீங்க" என்று எடுத்தவுடன் ஆரம்பிக்காதீர்கள், "என்ன நடந்துச்சு மிஸ்" என்று கேளுங்கள். பிள்ளை சொன்னது பாதிக் கதையாக இருக்கலாம், எங்களிடம் உங்கள் வீட்டைப் பற்றி அது சொல்வதும் பாதிக் கதைதான், அதை நாங்கள் நம்பிக்கொண்டா வந்து சண்டை போடுகிறோம்? கேட்டில் நிறுத்திப் பேசாதீர்கள், அந்த நேரத்தில் எங்கள் கண் ரோட்டில்தான் இருக்கும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் வீட்டுப்பாடம் என்ன என்று கேட்காதீர்கள். பரீட்சைக்கு முந்தின நாள் வந்து பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று கேட்காதீர்கள். அப்புறம் ராசா சார், ஹெச்.எம். முன்னால் எழுந்து நின்றதில் தப்பே இல்லை, நாங்களும் தினமும் நின்றுகொண்டுதான் பேசுகிறோம்.

பெட்டிக்கடை ராசா:

டீச்சர், நீங்கள் நிற்பதும் நான் நிற்பதும் ஒன்று இல்லை. விடுங்கள்.

மூணாம்பெஞ்சு:

டைரியில் எழுதுங்கள் என்கிறாரே சாக்பீஸ்தூள், அதைப் படித்ததும் சுருக்கென்றது.

என் மகன் அஞ்சாவது படிக்கும்போது புறங்கையில் ஸ்கேல் தடம். தட்டையாக அடித்தது இல்லை, விளிம்பால் அடித்தது. டைரியில் எழுதினேன், மரியாதையாகத்தான், "அன்புள்ள ஆசிரியருக்கு" போட்டு. பதிலாக ஒரு சிவப்பு டிக். வெறும் டிக், வீட்டுப்பாடத்துக்குப் போடுவது மாதிரி. ரெண்டு வாரம் கழித்து மறுபடியும் தடம். மறுபடியும் எழுதினேன். மறுபடியும் டிக். மூணாவது தடவை எழுதியதற்கு டிக்கோடு தேதியும் போட்டிருந்தது.

அப்புறம்தான் பிரின்சிபாலிடம் போனேன். கல்வி உரிமைச் சட்டம் 2009, பதினேழாவது பிரிவு, உடம்பில் அடிப்பதும் கூடாது, மனசைத் துன்புறுத்துவதும் கூடாது என்று படித்துவிட்டுப் போய்ச் சொன்னேன். "சார் வக்கீலா?" என்று கேட்டுச் சிரித்தார். "நாமெல்லாம் அடி வாங்காமயா இந்த நிலைமைக்கு வந்தோம்?" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் கேவலம். கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, காபி குடித்துவிட்டு வந்தேன். வண்டியில் வரும்போது பின்னால் உட்கார்ந்திருந்த மகன் "என்னப்பா சொன்னாங்க" என்றான். பேசியாச்சு என்றேன். அடுத்த வருஷம் பள்ளியை மாற்றினோம். அந்த டைரியை மட்டும் தூக்கிப் போடவில்லை.

எல்லா மிஸ்ஸும் அப்படி என்று சொல்லவில்லை. தனியாக, தன்மையாக, நாலு மணிக்கு மேல் என்பதெல்லாம் கேட்கிற காது இருக்கும் இடத்தில்தான் நடக்கும். மல்லி குரூப்பில் போட்டதால்தானே மறுநாளே திருத்தினார்கள்?

சாக்பீஸ்தூள்:

அடிப்பதையும் கூட்டல் தப்பையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நான் அடிப்பதற்கு வக்காலத்து வாங்கினேனா?

முல்லைக்கொடி:

சண்டைக்கு நடுவில் சின்னதாக ஒன்று. பேரண்ட்ஸ் மீட்டிங், வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர், பின்னால் ஆறு பேர். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டேன். "அப்பா வரலையா? எல்லாத்துக்கும் நீங்களே வர்றீங்க, அவருக்குப் பொறுப்பு வேணாமா?" என்றார் சார். நல்ல மனுஷர்தான், விளையாட்டாகக் கேட்டார். "வேலை சார்" என்றேன். அவர் இறந்து எட்டு மாசம் ஆகியிருந்தது. பக்கத்தில் நின்ற என் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

கோப்பு எண் பூஜ்யம்:

எல்லாவற்றையும் படித்தேன். ஓய்வு பெற்றவன், நேரம் இருக்கிறது. என் அனுபவம் ஒரே வரி: 1994இல் மகனுக்கு அட்மிஷன் கேட்கப் போய் "நான் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கேன்" என்று ஆரம்பித்தேன், தலைமையாசிரியர் அம்மா "சந்தோஷம், நான் ஸ்கூல்ல இருக்கேன்" என்றார்.

இனி உங்களுக்கு. மூணாம்பெஞ்சு அவர்களே, நீங்கள் பேசியதுதான் பிழை, எழுதியிருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி. பொருளில் ஒரே ஒரு விஷயம். ஃபீஸ், வேன், கேண்டீன் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் அடைத்தால் அவர்கள் வேனுக்கு மட்டும் பதில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, என்ன கேட்கிறீர்கள், மூன்று பத்தி போதும். "கொடூரமான", "காட்டுமிராண்டித்தனமான" மாதிரி அடைமொழிகளை எடுத்துவிடுங்கள், தடத்தின் போட்டோவை இணையுங்கள். ரெண்டு பிரதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும். மறுத்தால் சண்டை போடாமல் ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர், தனியார் பள்ளி என்றால் தாளாளர். அதற்கு மேல் அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலர், எல்லாவற்றுக்கும் மேலே மாவட்டத்தில் முதன்மைக் கல்வி அலுவலர். படி தாண்டினால் "கீழே கேட்டீர்களா" என்றுதான் கேட்பார்கள். அடி, காயம் என்றால் இந்தப் படியெல்லாம் பார்க்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறைக்கே 14417 உண்டு. ராசா, உங்கள் ஊர்ப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும், சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தண்ணீர்ப் பிரச்சினையை அங்கே தீர்மானமாகப் போட்டிருந்தால் நீங்கள் தனியாளாகப் போய் நிற்கவே

பெட்டிக்கடை ராசா:

ஐயா பாதியிலேயே அனுப்பிவிட்டீர்கள். பரவாயில்லை, புரிந்தது. என் வீட்டுக்காரியே அந்தக் குழுவில் உறுப்பினர்தான். நோட்டு வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். கூட்டத்துக்குப் போனால் உட்காரப் பாய் விரிப்பார்களாம், ஹெச்.எம்.முக்கு நாற்காலியாம். கேட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

சாக்பீஸ்தூள்:

முல்லைக்கொடி, இதே கேள்வியை நானும் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். எத்தனை பேரிடம் என்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ராசா, முன்னால் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மாடிவீட்டு மல்லி:

எல்லாருக்கும் நன்றி, கொஞ்சம் அழுகையும் வந்தது. டைரியில் "அன்றைக்கு குரூப்பில் போட்டது என் தப்பு மிஸ்" என்று எழுதி அனுப்பலாம் என்று நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். பையன் படித்துவிடுவானே என்று விட்டுவிட்டேன். சரி, அந்தப் போட்டோவையாவது அழித்துவிடலாம் என்று குரூப்பைத் திறந்தால், எல்லாருக்கும் அழிக்கிற வசதி இப்போது காட்டவில்லை, நாள் தாண்டிவிட்டது.

இங்கே ஒருவர் தனி மெசேஜில் சொன்னார், அட்மினாக இருப்பவர் அன்றைக்கே நீக்கியிருக்கலாமே, அட்மின் யார் என்று பாருங்கள் என்று. பார்த்தேன். மிஸ்தான். ஒரே அட்மின். அன்றைக்கு ராத்திரி 11.20க்குப் படித்துவிட்டு ஏழு பேப்பரையும் நீக்கியிருக்கலாம், அந்த சிரிப்புப் பொம்மையையும்தான். ஒன்றையும் தொடவில்லை. அதற்குக் கீழே மறுநாள் காலை 7.05க்கு "நாளை மஞ்சள் கலர் டே, குழந்தைகளுக்கு மஞ்சள் உடை போட்டு அனுப்பவும்" என்று எழுதியிருக்கிறார். நானும் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டிருக்கிறேன்.