பயிற்சி முகாமில் அடுத்தடுத்து துப்பாக்கிச் சாவு: துப்பறியும் தொடர்களில் காட்டுவது எவ்வளவு சரி?

மதிவாணி_கே

பிரிட்டிஷ் துப்பறியும் தொடர்களில் இந்த மாதிரி எபிசோட் அடிக்கடி வரும். ராணுவப் பயிற்சி முகாம். இரவு பாராவில் நின்ற இளம் பயிற்சி வீரர் துப்பாக்கிக் குண்டு பட்டுச் செத்துக் கிடப்பார். ஏற்கெனவே அதே முகாமில் இரண்டு பேர் அப்படிப் போயிருப்பார்கள். ராணுவம் "தற்கொலை" என்று சொல்லும். இன்ஸ்பெக்டர் வருவார், கர்னல் வாசலிலேயே மறித்து "இது ராணுவ விவகாரம்" என்பார். பிறகு செத்தவர் கையில் வெடிமருந்துத் துகள் இல்லை என்றோ, உடலில் ஒன்றுக்கு மேற்பட்ட குண்டு இருக்கிறது என்றோ கண்டுபிடித்து, கொலை என்று நிரூபிப்பார்.

இதில் தெரிந்துகொள்ள விரும்புவது:

1. இங்கிலாந்தில் முகாமுக்குள் நடக்கும் சாவை யார் விசாரிக்க வேண்டும்? கர்னலால் போலீஸைத் திருப்பி அனுப்ப முடியுமா?
2. கையில் துகள் இல்லாவிட்டால் கொலை, பல குண்டு பட்டிருந்தால் கொலை. இந்தக் கணக்கு சரியா?
3. "ஓப்பன் வெர்டிக்ட்" என்று தீர்ப்பு வந்ததும் எல்லோரும் கொலை உறுதியான மாதிரி பேசுகிறார்கள். அதன் பொருள் அதுதானா?

கீழவீதி

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

இங்கிலாந்து, வேல்ஸ் மண்ணில் சந்தேகமான சாவு நடந்தால், அது முகாமுக்குள் நடந்தாலும், விசாரணையின் தலைமை உள்ளூர் மாவட்ட போலீஸிடம். மரண விசாரணை நடத்துவது காரனர். அவர் ராணுவத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. உடல் அவருடைய எல்லைக்குள் கிடந்தாலே அதிகாரம் வந்துவிடும். வெளிநாட்டில் இறந்தவருக்கும் இதே விதிதான்: ஜெட்டாவில் இறந்த ஒரு நர்ஸின் வழக்கில் 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், உடல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டால் இங்குள்ள காரனர் விசாரிக்க வேண்டும் என்று சொன்னது. ஈராக், ஆப்கானிஸ்தானில் இறந்த வீரர்களின் உடல்கள் விமானத்தில் வந்து இறங்கிய இடத்தைப் பொறுத்து ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர், வில்ட்ஷயர் காரனர்களிடம் விசாரணைகள் குவிந்தது இதனால்தான். ஸ்காட்லாந்து வேறு. அங்கே காரனர் கிடையாது, புரொக்யுரேட்டர் ஃபிஸ்கல் என்ற அரசு வழக்கறிஞர்தான் பார்ப்பார்.

கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். 1955 ராணுவச் சட்டப்படி, பிரிட்டனுக்குள் நடந்த கொலையைக் கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்றம்) விசாரிக்கவே முடியாது. 2006 ஆயுதப்படைச் சட்டம் 2009இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் சட்டப்படி அந்த வழி திறந்தது. அதனால் 1990களில் நடக்கும் கதையில் கர்னல் "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னால், அவர் கையில் சட்டமே இல்லை. அதே கதை ஜெர்மனியில் உள்ள பிரிட்டிஷ் முகாமில் நடந்தால் நிலைமை மாறும். அங்கே சிவப்புத் தொப்பி ராயல் மிலிட்டரி போலீஸின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு முழு வழக்கையும் நடத்துவது அப்போது இயல்பாக இருந்தது. 2022 டிசம்பரிலிருந்து மூன்று படைகளுக்கும் பொதுவான கடுங்குற்றப் பிரிவு ஒன்று இயங்குகிறது. இன்றைய காலத்துக் கதையில் பழைய பிரிவின் பெயரைப் போட்டால் தவறு.

நடைமுறையில் கர்னல் மறிக்கத் தேவையே இருக்காது. போலீஸே "சந்தேகம் இல்லை" என்று முடிவுகட்டி, மிலிட்டரி போலீஸிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மோதல் இருந்தால் பதிவு இருக்கும், யாராவது பொறுப்பேற்றாக வேண்டும். சுமுகமாகக் கைமாறினால் இரண்டு தரப்பும் "அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்" என்று நினைத்துவிடும்.

தடயப்பெட்டி

இரண்டாவது கேள்வி. துகளிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தோட்டாவின் அடியில் உள்ள பிரைமர் வெடிக்கும்போது ஈயம், பேரியம், ஆன்டிமனி சேர்ந்த நுண்துகள்கள் பறக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எக்ஸ்ரே பகுப்பாய்வோடு தேடுவார்கள். மூன்று தனிமமும் ஒரே துகளில் இருந்தால் மதிப்பு அதிகம். உயிரோடு இருப்பவர் கையில் நான்கைந்து மணி நேரத்தில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இறந்தவர் கையில் தங்கும், ஆனால் கையைக் காகிதப் பையால் மூடிக் கட்டியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் பை போட்டால் உள்ளே ஈரம் கோத்துத் துகள் இடம் மாறும். உடலைத் தூக்கிப் போட்டு, கையைத் துடைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகு எடுத்த மாதிரியில் "துகள் இல்லை" என்றால் அதற்குப் பெரிதாக அர்த்தம் இல்லை.

ராணுவ முகாமில் எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. அன்று காலை சுடுதளத்துக்குப் போன எல்லோருடைய சட்டையிலும் துகள் இருக்கும். துப்பாக்கி துடைக்கும் மேஜை, ஆயுதக் கிடங்கின் கவுன்டர், ஜீப் இருக்கை எங்கும் இருக்கும். அதே பிரைமர், அதே தொழிற்சாலைத் தோட்டா. ஒரு சார்ஜென்ட்டின் கையில் துகள் கிடைத்தது என்று மட்டும் சொல்லி அவரைக் குற்றவாளியாக்கும் எபிசோடை நம்பாதீர்கள். பழைய காலக் கதையில் பாரஃபின் மெழுகுச் சோதனை வரும். அது நைட்ரேட்டைத்தான் காட்டும். உரம், புகையிலை தொட்ட கையிலும் நிறம் மாறும்.

இதைவிட உறுதியானது காயம்தான். முனை தோலோடு ஒட்டியிருந்தால் கரி காயத்துக்குள் போகும், எலும்பு அடியில் இருந்தால் தோல் நட்சத்திரம் போலக் கிழியும். சற்றுத் தள்ளியிருந்தால் எரியாத மருந்துத்துகள் தோலில் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். இன்னும் தூரம் போனால் இரண்டுமே இருக்காது. எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்ல, அதே துப்பாக்கி, அதே தொகுதித் தோட்டாவை வைத்து வெவ்வேறு தூரத்தில் துணியில் சுட்டு ஒப்பிட வேண்டும். பிரிட்டிஷ் எஸ்ஏ80 ரைஃபிளின் முனையில் நீளவாக்கில் துளைகள் உள்ள தீச்சுடர் தணிப்பான் இருக்கிறது. வாயு அதன் வழியாகப் பக்கவாட்டில் பிரிவதால் கரி படியும் வடிவம் கைத்துப்பாக்கியைப் போல இருக்காது. பொதுவான பாடப்புத்தகப் படத்தை வைத்துத் தூரம் சொன்னால் பிழைபடும்.

இந்த ஒப்பீட்டுக்குச் சட்டை வேண்டும், குண்டு வேண்டும், காலித் தோட்டாக்கள் கிடந்த இடத்தின் அளவு வேண்டும். எஸ்ஏ80 காலித் தோட்டாவை வலப்பக்கம் எறியும். அது விழுந்த இடத்தை அளந்து வைத்திருந்தால், சுடும்போது துப்பாக்கி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஓரளவு சொல்லலாம். அளக்காமல் பொறுக்கிப் பையில் போட்டால் அந்தக் கேள்வி அத்தோடு முடிந்தது.

"பல குண்டு என்றால் கொலை" என்பது தானியங்கி ரைஃபிளுக்குப் பொருந்தாது. 5.56 மி.மீ. எஸ்ஏ80 நிமிடத்துக்கு 610 முதல் 775 வரை சுடும். தொடர்சூட்டில் வைத்தால் ஐந்து குண்டு அரை நொடிக்குள் போய்விடும். அதனால் முதல் கேள்வி, ஒற்றைச்சூடா தொடர்சூடா என்று மாற்றும் தேர்வுப்பொத்தான் எந்த நிலையில் இருந்தது என்பது. இங்கேதான் ராணுவத்துக்கே உரிய ஒரு கோளாறு வரும். கீழே கிடக்கும் ஆயுதத்தைக் கண்டதும் மேகசினைக் கழற்றி, துப்பாக்கியின் தோட்டா அறையைக் காலிசெய்து, பூட்டிவைப்பது என்று ஒவ்வொரு வீரரும் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறார். பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் பொத்தானின் நிலை, அறையில் அடுத்த தோட்டா இருந்ததா, மேகசினில் மிச்சம் எத்தனை, கைரேகை எல்லாம் அந்தச் சில நொடிகளில் போய்விடும். யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை.

மதிவாணி_கே

மிக்க நன்றி. அப்படியானால் "சந்தேகம் இல்லை" என்று முதலில் முடிவெடுத்தால் போஸ்ட்மார்ட்டமே வேறு மாதிரி நடக்குமா? நிஜ வழக்கு ஏதாவது இருக்கிறதா?

சாட்சிக்கூண்டு

ஆம், பாதையே பிரிகிறது. சந்தேகம் என்று பதிவானால் உள்துறைப் பட்டியலில் உள்ள தடயவியல் மருத்துவர் பரிசோதிப்பார், போலீஸ் புகைப்படக்காரர் பக்கத்தில் நிற்பார், ஒவ்வொரு துணியும் தனித்தனிக் காகிதப் பையில் போகும். சந்தேகம் இல்லை என்றால் காரனருக்காக மருத்துவமனை நோய்க்கூறியல் மருத்துவர் வழக்கமான பரிசோதனை செய்வார். அவருடைய வேலை சாவின் காரணத்தைச் சொல்வது. யார் சுட்டார் என்று தேடுவது அவரிடம் கேட்கப்படாத கேள்வி.

நிஜ வழக்கு, சரே மாவட்டத்தின் டீப்கட்டில் இருந்த பிரின்சஸ் ராயல் முகாம். ராணுவத்தின் தளவாட விநியோகப் படைப்பிரிவான ராயல் லாஜிஸ்டிக் கோரின் பயிற்சி இடம். 1995 ஜூன், 1995 நவம்பர், 2001 செப்டம்பர், 2002 மார்ச் என நான்கு பயிற்சி வீரர்கள் குண்டுக் காயத்தால் இறந்தார்கள். ஒருவருக்கு 20 வயது, ஒருவருக்கு 18, மற்ற இருவருக்கும் 17. இந்த வகை எபிசோடுகளைப் பார்க்கும் பிரிட்டிஷ்காரர்களுக்கு நினைவுக்கு வருவது இந்த முகாம்தான்.

முதல் சாவில் மார்பில் ஐந்து காயங்கள். 2001 சாவில் தலையில் இரண்டு. தொடர் எபிசோடாக இருந்தால் இரண்டும் கொலை என்று அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் புது மரண விசாரணைகள் முறையே 2018இலும் 2019இலும் தற்கொலை என்றே முடிவு சொன்னன. 1995 நவம்பர் சாவின் மறுவிசாரணையும் 2016 ஜூனில் அதே முடிவுக்கு வந்தது. அதற்காக 2015இல் உடல் தோண்டி எடுக்கப்பட்டு, உள்ளே இருந்த உலோகத் துணுக்குகள் பரிசோதிக்கப்பட்டன. இருபது ஆண்டு கழித்து அந்தக் குடும்பம் அதைத் தாங்க வேண்டிவந்தது, முதல் நாளில் செய்ய வேண்டிய வேலை செய்யப்படாததால். மறுவிசாரணைகளில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டதும் அதுதான்: தற்கொலை என்ற எண்ணம் சீக்கிரமே படிந்துவிட்டது, சரே போலீஸ் தலைமையைத் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது மூன்றாவது கேள்வி. ஓப்பன் வெர்டிக்ட் என்றால், "கிடைத்த சாட்சியத்தை வைத்து எந்த முடிவும் சொல்ல முடியவில்லை" என்பதுதான். அந்தக் காலத்தில் தற்கொலை என்று சொல்ல, குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். அது எட்டாதபோது ஓப்பன். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றி, நிகழ்தகவு எந்தப் பக்கம் அதிகமோ அது போதும் என்றது. அதனால் 1995 ஓப்பனையும் இன்றைய ஓப்பனையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

பழைய முடிவை மாற்றுவது காரனரிடம் மனு கொடுத்து நடக்கிற காரியம் இல்லை. 1988 காரனர் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் ஒப்புதல் வாங்கி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். டீப்கட் குடும்பம் ஒன்று, போலீஸ் வைத்திருந்த கோப்புகளைச் சட்டப்படி கேட்டுப் பெற்ற பிறகுதான் 2014இல் பழைய முடிவை ரத்துசெய்யும் உத்தரவு கிடைத்தது. எபிசோடில் இன்ஸ்பெக்டர் ஒரே இரவில் வழக்கைத் திறக்கிறார். நிஜத்தில் பெற்றோர்தான் திறந்தார்கள், அதுவும் கோப்பு கோப்பாக.

இன்னொன்று சொல்லாமல் விட முடியாது. கொலையாளி இல்லை என்றால் யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. டீப்கட் சாவுகளை ஆராய்ந்த வழக்கறிஞர் நிக்கலஸ் பிளேக்கின் 2006 மார்ச் அறிக்கை அந்த முகாமில் நடந்த கொடுமைப்படுத்தலையும், போதுமான மேற்பார்வை இல்லாமல் இளம் பயிற்சி வீரர்கள் ஆயுதத்தோடு பாராவில் நின்றதையும் விரிவாகப் பேசுகிறது. பொது விசாரணை வேண்டியதில்லை என்று அவர் சொன்னதைக் குடும்பங்கள் ஏற்கவில்லை. அந்த அறிக்கையின் பின்னணியில்தான் படைவீரர் புகார் ஆணையர் பதவி வந்தது. 2008இல் வேலையைத் தொடங்கிய அது, 2016இல் கூடுதல் அதிகாரத்தோடு ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) ஆனது.

கீழவீதி

சாட்சிக்கூண்டு சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். எபிசோட் நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, காகிதங்களைக் கவனியுங்கள்: பாரா முறைப்பட்டியல், ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி எண்ணோடு கையெழுத்து வாங்கும் பதிவேடு, கொடுத்த தோட்டா எண்ணிக்கை, திரும்பி வந்த எண்ணிக்கை. செத்தவர் அருகில் கிடந்த துப்பாக்கி யார் பெயரில் வழங்கப்பட்டது என்பது முதல் பத்து நிமிடத்தில் கேட்க வேண்டிய கேள்வி. பாரா மாறும்போது ஒரே துப்பாக்கி கைமாறும் வழக்கம் இருந்தால் பதிவேட்டில் ஒருவர் பெயரும் கையில் இன்னொருவரும் இருப்பார்கள், கைரேகையும் கலந்திருக்கும்.

பிறகு சாட்சிகள். பயிற்சி முடிந்ததும் ஆளாளுக்கு வேறு வேறு யூனிட்டுக்குப் போய்விடுவார்கள். சில வாரம் தாமதித்தால் ஒரே அறையில் படுத்திருந்த பத்துப் பேரைப் பத்து ஊரில், அதில் பாதி வெளிநாட்டில், தேட வேண்டும். வாக்குமூலத்தை அன்றே, தனித்தனியாக, அவர்களுடைய சார்ஜென்ட் அறையில் இல்லாமல் வாங்க வேண்டும். கமாண்டிங் ஆபீசர் முன்னிலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்கும் காட்சி வந்தால், அந்த இன்ஸ்பெக்டருக்கு ஒரு பயனுள்ள பதிலும் கிடைக்காது.

மதிவாணி_கே

பதிவேடு விஷயம் எந்த எபிசோடிலும் பார்த்த நினைவில்லை. ராணுவம் தன் பக்கத்திலும் ஒரு விசாரணை நடத்துமே, அதன் அறிக்கை காரனருக்குப் போகுமா?

சாட்சிக்கூண்டு

நடத்தும். முன்பு போர்டு ஆஃப் இன்கொயரி, 2008இலிருந்து சர்வீஸ் இன்கொயரி. மறுபடி நடக்காமல் என்ன மாற்றுவது என்று பார்ப்பதுதான் அதன் வேலை, யார் மீதும் பழி சுமத்துவது அல்ல. காரனர் அந்த ஆவணங்களைக் கேட்கலாம். 2009 காரனர்கள் மற்றும் நீதிச் சட்டத்தின் 5ஆம் அட்டவணை அவருக்கு ஆவணம் வரவழைக்கும் அதிகாரம் தருகிறது. ஆனால் காரனர் அதன் முடிவுகளுக்குக் கட்டுப்பட்டவர் இல்லை, சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்றிக் கேட்பார். குடும்பத்தின் வழக்கறிஞரும் அங்கே குறுக்கு விசாரணை செய்யலாம்.