பள்ளிக் குறும்படத்தில் சினிமாப் பாட்டு போடலாமா?

கோத்தகிரி டீச்சர்:
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கொழுந்து பறிக்கிறவர்களைப் பற்றி 6 நிமிடக் குறும்படம் எடுத்து, பனிமூட்டக் காட்சியில் ஒரு சினிமாப் பாட்டை ஓட்டிவிட்டார்கள். ஆண்டு விழாவில் போட்டபோது ஒன்றுமில்லை, யூடியூபில் ஏற்றியதும் காப்பிரைட் க்ளெய்ம், அதாவது பாட்டு எங்களுடையது என்று உரிமையாளரின் கோரிக்கை. ஏன்?

குன்னூர்க்காரன்:
ரெண்டும் வேறு டீச்சர். பள்ளி நிகழ்ச்சியில் அனுமதி வாங்காமல் பாட்டுப் போட 1957 பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு தரும் சலுகை, ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் மட்டும் பார்த்தால்தான். ஊருக்கே திறந்துவிட்டால் கிடையாது. யார் பாட்டானாலும் 10 நொடி வரை போடலாம் என்று சிலர் சொல்வதெல்லாம் சும்மா கதை.

ஊட்டி எடிட்டர்:
யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. ஆனால் பழைய படுகர் பாட்டு ஒன்றைப் பிள்ளைகளையே பாடவைத்துப் போனில் பதிவு செய்யுங்களேன். அடுத்தவர் பதிவை எடுக்காதீர்கள், பாட்டு பழசானாலும் பதிவுக்குத் தனி உரிமை, வெளியாகி 60 வருடம்.

கோத்தகிரி டீச்சர்:
சரி, முதலில் தகரக் கூரையில் மழைச் சத்தம் நிற்கட்டும்!