மொரிஸ் மைனர் டிஃபரென்ஷல்: "டொக்" சத்தத்துக்குக் கிரவுன் வீலை நெருக்கலாமா?

வெள்ளவத்தை மைனர்:
எங்களுடையது 1959 மொரிஸ் மைனர் 1000, 948 சிசி. அப்பா ஆசையாக வைத்திருக்கும் வண்டி. காலி வீதியில் ஒவ்வொரு சிக்னலிலும் கிளச்சை விடும்போது பின்னால் "டொக்" என்று ஒரு அடி. ஓடும்போது காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தாலும் அதே அடிதான். ஊளைச் சத்தம் கிடையாது.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயின்ட் இரண்டையும் மாற்றியாயிற்று, பலன் இல்லை. டிஃபை, அதாவது என்ஜின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷலை, இறக்கி இப்போது மேசையில் வைத்திருக்கிறேன். பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலுக்கும் அதைச் சுழற்றும் பினியன் பல்சக்கரத்துக்கும் இடையே லூஸ், ஒரு பக்கத்து ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகட்டை) எடுத்து மறுபக்கம் போட்டு நெருக்கினால் சரி என்கிறார் கராஜ் பாஸ். பழைய சோனகத் தெருவில் டயல் கேஜ் ஒன்று வாங்கி அளந்தேன். ஆறு தௌ, அதாவது 0.006 அங்குலம் காட்டுகிறது. இது அதிகமா? நெருக்கலாமா?

லேத்காரன்:
நெருக்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். பஞ்சிகாவத்தையில் பாவித்த செட் கிடைக்கும், ஆனால் கிரவுன் வீலும் பினியனும் ஒரே ஜோடி எண்ணோடு இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளை நிச்சயம்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர்:
தம்பி, ஷிம்மில் கை வைக்க வேண்டாம். பற்களுக்கு நடுவே எண்ணெய்ப் படலம் நிற்கவும், சூட்டில் உலோகம் விரியவும் அந்த இடைவெளி வேண்டும். கிரவுன் வீலின் பின்முகத்தை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அந்த ஜோடிக்கு உரிய இடைவெளியை அங்கேயே பொறித்திருப்பார்கள். ஊர் வழக்கத்தையும் என் அனுபவத்தையும் விட அந்த எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம். அதிலிருந்து விலகினால் சத்தம் கூடும்.

கணக்கையும் பாருங்கள். 948 சிசி வண்டியின் விகிதம் 4.55. பினியனுக்கு 9 பல், கிரவுன் வீலுக்கு 41. கிரவுன் வீல் விளிம்பில் ஆறு தௌ இருந்தால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் பூட்டும் பினியன் பிளேஞ்ச் ஒரு பாகைகூட ஆடாது. உங்கள் காதில் விழும் அடி அங்கிருந்து வர வழியில்லை.

நான் முதலில் பார்ப்பது கிரவுன் வீல் பொருத்தியிருக்கும் கூட்டுக்குள் இருக்கும் சின்னக் கியர்களைத்தான். அவற்றின் முதுகில் செம்பு நிறத்தில், கியரின் தள்ளு விசையைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷர்கள் இருக்கும். இந்த ஆக்ஸிலில் அவைதான் முதலில் தேயும். தேய்ந்ததும் கியர்கள் பின்னுக்குப் போய்விடும், சுமை திசை மாறும் ஒவ்வொரு தடவையும் இடிக்கும். கிரவுன் வீலை அசையாமல் பிடித்துக்கொண்டு, சின்னக் கியரை விரலால் உள்ளும் வெளியும் தள்ளிப் பாருங்கள். அவை ஏறி நிற்கும் குறுக்குப் பின்னில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் சக்கரத்துக்குப் போகும் ஹாஃப் ஷாஃப்ட்டைச் சொருகி முறுக்கினால், அதன் நுனி வரிப்பல்லான ஸ்ப்ளைனின் தேய்மானமும் கையிலேயே தெரியும்.

அளந்த விதத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். பினியன் துளியும் அசையக் கூடாது. கேஜின் முனை பல்லின் வெளிநுனிக்குக் கிட்ட, பல்லின் முகத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் எண் பொய் சொல்லும். வீலைச் சுற்றி நாலு இடத்திலாவது எடுங்கள். ஓரிடத்தில் நாலும் இன்னோரிடத்தில் எட்டும் வந்தால் வீல் கோணலாக அமர்ந்திருக்கிறது. பின்முகத்தில் கேஜை வைத்துச் சுழற்றுங்கள், கோணல் இரண்டு தௌவுக்கு மேல் போகக் கூடாது. பெரும்பாலும் வீலுக்கும் கூட்டின் பிளேஞ்சுக்கும் நடுவே ஒட்டிய அழுக்கோ சிலும்போதான் காரணமாக இருக்கும்.

பற்களில் மார்க்கிங் நீலத்தை மெல்லியதாகத் தடவிச் சுழற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். நடுப்பல்லில் விழுந்தால் பினியன் ஆழம் சரி, அதைத் தொட வேண்டாம். பாஸ் சொன்னபடி நெருக்கினால் தடம் பல்லின் உள்நுனிக்கு ஓடிவிடும். இத்தனை வருடம் ஊளையிடாத ஜோடி உங்களிடம் இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

வெள்ளவத்தை மைனர்:
ஐயா, மிக்க நன்றி. கழுவிப் பார்த்தேன், 0.006 என்றே பொறித்திருக்கிறது! சுற்றிலும் அளந்தேன், ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில் நிற்கிறது. நீலத்தடம் நடுவில்தான். ஆனால் சின்னக் கியர்கள் தாராளமாக ஆடுகின்றன. வாஷர்கள் விளிம்பில் தாள்போல மெலிந்திருக்கின்றன, ஒன்றில் வெடிப்பு. குறுக்குப் பின்னிலும் படி விழுந்திருக்கிறது. வாஷரை லேத்தில் பித்தளையில் கடைந்து போடலாமா?

லேத்காரன்:
என்னிடம் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மைனருக்குப் புது வாஷர் இன்னும் இங்கிலாந்திலிருந்து வருகிறது. பித்தளை மெது, இந்த வேலைக்குத் தாங்காது. பின்னையும் புதிதாகவே வாங்குங்கள்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர்:
அவர் சொல்வது சரி. கூட்டைக் கழற்றும்போது பக்கப் பேரிங்குகளையும் அவற்றின் ஷிம்களையும் இடம் வலம் மாறாமல் தனித்தனியாகக் கட்டி வையுங்கள். பழைய பேரிங்கையே போடுவதானால் அளவு மாறாது. புதிது போட்டால் ஷிம்மை முதலிலிருந்து கணக்குப் பார்த்து, இடைவெளியையும் மறுபடி அளக்க வேண்டும். இரண்டு தௌ ஷிம்மைப் பக்கம் மாற்றினால் இடைவெளியும் ஏறத்தாழ இரண்டு தௌ மாறும். பேரிங்கில் "த்ரஸ்ட்" என்று எழுதிய முகம் இரு பக்கமும் வெளியே பார்த்திருக்க வேண்டும்.

கியர் ஒயில் ஜிஎல்-4 தரம், ஹைப்பொயிட் 90. ஒன்றரை பைண்ட், கிட்டத்தட்ட 850 மில்லி பிடிக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நிரப்பும் துளையின் விளிம்பு வரை மட்டும் ஊற்றுங்கள். அதற்கு மேல் போனால் ஹப் சீல் வழியாக பிரேக் ஷூவுக்கு வந்துவிடும்.