புதுப்பிப்பு: அம்பாசடரின் இறுகும் பிரேக், காரணம் கிடைத்துவிட்டது

என் 1974 அம்பாசடர் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் முன்பக்க இடது சக்கரம் இறுகிக்கொள்கிறது, சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் கைவைக்க முடியாதபடி சுடுகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். பலரும் மாஸ்டர் சிலிண்டரை, அதாவது பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயை எல்லாச் சக்கரங்களுக்கும் தள்ளும் பாகத்தை, சந்தேகித்தீர்கள். நானும் புதிது வாங்கவே இருந்தேன். ஆனால் அதில் எண்ணெய் திரும்பும் சிறு துளை அடைத்திருந்தால் நான்கு சக்கரங்களும் இறுகியிருக்க வேண்டும். இங்கே ஒன்றுதான்.

ஞாயிறன்று வண்டியை ஓட்டிவந்து, சக்கரம் இறுகிய நிலையிலேயே தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஆறவிட்டால் தடயம் போய்விடும். முதலில், சக்கரத்துக்கு எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் மாஸ்டர் சிலிண்டர் பக்கமிருந்து வரும் இரும்புக் குழாயோடு சேரும் இணைப்பைத் தளர்த்தினேன். மாற்றமில்லை. ஆக, அடைப்பு அதற்கு முன்னால் இல்லை. பிறகு சக்கரத்திலுள்ள, எண்ணெயை வெளியேற்றும் பிளீடர் திருகைத் திறந்தேன். எண்ணெய் பீறிட்டது, சக்கரம் தடையின்றிச் சுழன்றது! அழுத்தத்தைச் சிறைப்பிடித்தது இடையிலிருந்த ஹோஸ்தான்.

அதைக் கழற்றி அறுத்துப் பார்த்தேன். வெளியே ஒரு வெடிப்பும் இல்லை. உள்ளே ரப்பர் உப்பி, ஊசி நுழையும் வழியே மிச்சம். பெடலை மிதிக்கும் விசையில் எண்ணெய் உள்ளே போய்விடுகிறது. அதைத் திருப்பித் தள்ள டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூக்களின் ஸ்பிரிங்குக்கு வலுவில்லை.

மூன்று ஹோஸ்களையும் எண்ணெயையும் மாற்றிவிட்டேன். நேற்று 40 கிலோமீட்டர் ஓட்டியபின் முன்பக்க டிரம்கள் இரண்டும் ஒரே அளவு சூடுதான். வெந்து பளபளத்துப்போன இடது லைனிங்கை (ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டை) மாற்றுவது மட்டும் பாக்கி. மாஸ்டர் சிலிண்டரைத் தொடவே இல்லை.