ஆஷ்வில் மலையூரில் டாப்பாஸ் உணவகம்: சைவ மாமியாரோடு போகலாமா?

சார்லட் மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் மூன்றாம் வாரத்தில், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் மாமியாரை அழைத்துக்கொண்டு, இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க சார்லட்டிலிருந்து அதே வட கரோலினா மாநிலத்தின் மலையூரான ஆஷ்வில் போகிறோம். அங்கே பில்ட்மோர் அவென்யூவில் இருக்கும் கூராத்தே என்னும் ஸ்பானிய டாப்பாஸ் (சின்னத் தட்டுத் தின்பண்டங்கள்) உணவகத்தில் ஒரு மாலையாவது சாப்பிட வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. மாமியார் முட்டைகூடத் தொடாத சைவம். மாமனார் மீன் சாப்பிடுவார், ஆனால் ஏழு மணிக்குள் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும் என்பவர். சின்னச் சின்னத் தட்டுகளாக வரும் இடத்தில் நால்வருக்கு எத்தனை சொன்னால் போதும், மாமியாருக்கு உண்மையிலேயே வயிறு நிறையுமா, அல்லது அறைக்குத் திரும்பி நான் தயிர்சாதம் பிசைய வேண்டியிருக்குமா என்று போய்வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மலைச்சாரல்:

தாராளமாகப் போகலாம், ஆனால் வழக்கமான உணவகத்தில் சொல்வதுபோல எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாதீர்கள். இத்தகைய இடங்களில் முதலில் இது, பிறகு அது என்ற வரிசை கிடையாது. சமையலறையில் எது முதலில் தயாராகிறதோ அது மேசைக்கு வந்துவிடும். பத்துத் தட்டுகளை ஒன்றாகச் சொன்னால், ஆறு தட்டுகள் ஒரே நேரத்தில் வந்து இடமில்லாமல் நெருக்கியடித்து ஆறிப்போகும். அதன் பிறகு அரை மணி நேரம் எதுவும் வராது. தலைக்கு இரண்டு அல்லது மூன்று தட்டுகள் என்பது பொதுவான கணக்கு. முதலில் நான்கு சொல்லுங்கள், அவை பாதி முடிந்ததும் அடுத்த மூன்றைச் சொல்லுங்கள், பிறகு பசியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தைப் பற்றி மாமனாரிடம் சொல்ல ஒரு கதையும் இருக்கிறது. 2011இல் இதைத் தொடங்கிய கேட்டி பட்டன், கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் படித்தவர். நரம்பியல் ஆய்வுக்குப் போக வேண்டியவர், அதை விட்டுவிட்டுச் சமையலுக்கு வந்தார். அவருடைய கணவர் ஃபெலிக்ஸ் மெயானா ஸ்பெயினின் ரோஸஸ் ஊர்க்காரர். புதுமைச் சமையலுக்கு உலகப் புகழ்பெற்ற சமையற்கலைஞர் ஃபெரான் அத்ரியாவின் எல் புல்லி உணவகம் அந்த ஊரில்தான் இருந்தது. இருவருமே அங்கே வேலை பார்த்தவர்கள். ஆனால் எல் புல்லியின் நுரை, புகை வித்தைகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இங்கே கிடைப்பது பெரும்பாலும் ஸ்பெயினின் மதுக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் தின்பண்டங்கள். அவற்றைக் கூர்ந்த கவனத்தோடு செய்கிறார்கள், அவ்வளவே. 2022இல், அமெரிக்க உணவகங்களுக்குப் பெருமைக்குரிய விருதுகளை வழங்கும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை இவர்களுக்குக் கொடுத்த விருதும் விருந்தோம்பலுக்குத்தான்.

மாமியாருக்கு முதலில் சொல்ல வேண்டியது கத்தரிக்காய். மெலிதாகச் சீவிப் பொரித்து, மேலே தேனும் ரோஸ்மேரி என்ற மூலிகையும் சேர்த்துத் தருகிறார்கள். வந்த உடனே சாப்பிட்டால் விளிம்பு மொறுமொறுவென்றும் நடுப்பகுதி வெண்ணெயாகவும் இருக்கும். புகைப்படம் எடுத்து, குடும்பக் குழுவில் போட்டு, பதிலுக்குக் காத்திருந்தால் தேன் ஊறித் தொளதொளத்துவிடும்.

பருப்புப்பொடி:

மேலே எழுதிய நண்பர் சைவத்தை எளிதாகக் கடந்துவிட்டார் என்று தோன்றுகிறது. ஸ்பானியச் சமையலில் மாமிசம் கண்ணுக்குத் தெரியும் இடங்களைவிடத் தெரியாத இடங்கள் அதிகம். கீரையிலும் பருப்பு வகைகளிலும் உப்பில் உலர்த்திய பன்றியிறைச்சியைச் சிறிது சேர்ப்பது அங்கே இயல்பு. சோற்றையும் சேமியா போன்ற மெல்லிய பாஸ்தாவையும் பல நேரம் மீன் வேகவைத்த நீரில் சமைப்பார்கள். மாஞ்செகோ பாலாடைக்கட்டியை மரபுப்படி விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைக் கொண்டு உறைய வைக்கிறார்கள். முட்டையைக்கூடத் தொடாதவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். டோர்டியா என்ற பெயரைப் பார்த்து மெக்சிகோ ரொட்டி என்று நினைத்துவிடாதீர்கள், ஸ்பெயினில் அது உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை.

ஆகவே "சைவம்" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், இறைச்சி, மீன், முட்டை, இவற்றை வேகவைத்த நீர் எதுவும் கூடாது என்று பரிமாறுபவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பொரிக்கும் எண்ணெய் பொதுவானதா என்பதையும் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் கோழி குரோக்கெட்டா (பொரித்த உருண்டை) போட்ட எண்ணெயில் கத்தரிக்காய் பொரிப்பதைச் சிலர் ஏற்பார்கள், சிலர் ஏற்க மாட்டார்கள். தக்காளியை அரைத்துத் தடவி ஆலிவ் எண்ணெய் விட்ட வாட்டிய ரொட்டி, பைன் கொட்டையும் திராட்சையும் ஆப்பிளும் சேர்த்த கட்டலோனியக் கீரை வதக்கல், முட்டை சேர்ந்த மயோனெய்ஸ் வகைச் சாறு இல்லாமல் கேட்டு வாங்கிய உருளைக்கிழங்கு ஆகியவை ஓரளவு பாதுகாப்பானவை. வேறொரு மலையூரில், பெயர் வேண்டாம், இதே கேள்வியைக் கேட்டதற்குப் பரிமாறியவர் முகம் சுளித்தார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். பதில் சொல்லப் பொறுமை இல்லாத இடத்தில் பெரியவர்களை உட்கார வைக்காதீர்கள்.

அட்லாண்டா முத்து:

இவ்வளவு விசாரணை எதற்கு? அதே ஊரில் மெஹர்வான் இரானி 2009இல் தொடங்கிய சாய் பானி இருக்கிறது. கூராத்தே விருது வாங்கிய அதே 2022இல், ஜேம்ஸ் பியர்ட் விருதுகளில் நாட்டின் சிறந்த உணவகம் என்று தேர்வானது இந்தச் சாட் கடைதான். நீளவாக்கில் மெலிதாகச் சீவிப் பொரித்த வெண்டைக்காயை எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். பேல் பூரியும் கிடைக்கும். இவையும் சின்னத் தட்டுகள்தானே? மாமியார் யாரையும் எதுவும் கேட்காமல் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

மலைச்சாரல்:

முத்து அண்ணன் சொல்வது நல்ல யோசனைதான், ஆனால் அதை மதிய உணவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் புதிதாக எதையும் விரும்ப மாட்டார்கள் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம் என்பது என் குறை. ஒரு தட்டில் இரண்டு வாய் மட்டும்தான் என்பதால், பிடிக்காவிட்டாலும் பெரிய இழப்பில்லை. முழுத் தட்டு பாஸ்தாவை வாங்கி வைத்துக்கொண்டு விழிப்பதைவிட இது மேல். மாமனாருக்குப் பூண்டு போட்டு எண்ணெயில் வதக்கிய இறாலைச் சொல்லுங்கள், ரொட்டியால் அந்த எண்ணெயைத் துடைத்துச் சாப்பிடுவார். பருப்புப்பொடி எழுதிய எச்சரிக்கைகளை நான் ஏற்கிறேன். அவற்றை முன்பதிவுக் குறிப்பிலேயே எழுதிவிட்டால் மேசையில் கேள்வி குறையும்.

சார்லட் மருமகள்:

மிக்க நன்றி. மதியம் சாய் பானி, மாலை கூராத்தே என்று திட்டமிடுகிறோம். ஒரே சிக்கல், புளூ ரிட்ஜ் மலைச்சாலையில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்று மாமனார் பிடிவாதமாக இருக்கிறார். இரண்டும் ஒரே மாலையில் முடியுமா?

பருப்புப்பொடி:

முடியாது. அந்த வாரத்தில் சூரியன் மறைய ஏறத்தாழ 6:50 ஆகிவிடும். அதைப் பார்த்துவிட்டு இருட்டில் வளைந்து வளைந்து இறங்கி, வண்டி நிறுத்த இடம் தேடி உட்கார எட்டு மணியாகும். இரண்டு மாலைகளாகப் பிரித்துக்கொண்டு, உணவுக்கு ஐந்து, ஐந்தரை மணி அளவில் இடம் கேளுங்கள். இலைப் பருவத்தில் வெள்ளி, சனிக்கிழமைகளின் மாலைகள் வெகு முன்பே நிரம்பிவிடும், ஆகவே செவ்வாய் அல்லது புதன் நல்லது. 2024 செப்டம்பரில் வந்த ஹெலீன் புயலில் மலைச்சாலை பல இடங்களில் சரிந்தது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பதைத் தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தப் புயலுக்குப் பிறகு ஊருக்கே 53 நாட்கள் குடிக்கத்தக்க குழாய்நீர் இல்லாமல் உணவகங்கள் முடங்கிக் கிடந்தன, ஆதலால் பரிமாறுபவர்களுக்கு நூற்றுக்கு இருபது என்று தாராளமாகவே கொடுங்கள். ஆனால் ரசீதில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.